சந்திரமதி யார் கடனுக்கு விலைப்பட்டாள்?

அரிச்சந்திரன் கதையை வாய்மையின் வெற்றிக் கதையாகவே நமது பாடநூல்களும் மேடைகளும் போற்றி வந்திருக்கின்றன. காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது அந்நாடகத்தைக் கண்டு மனம் உருகியதைத் தமது சத்திய சோதனையில் எழுதியிருப்பதை ஆசிரியராக உள்ள எவரும் ஒரு முறையேனும் வகுப்பில் சொல்லியிருப்பர். இவ்வரிகளை எழுதுபவனும் சொன்னவனே. ஆனால் கதையை அதன் நிகழ்ச்சிகளை மட்டும் கொண்டு நோக்குவோமாயின், அது வாய்மையின் கதையாவதற்கு முன்னரே கடனின் கதையாக இருக்கின்றது. மன்னன் ஒரு முனிவனுக்குப் பணம் தருவதாக வாக்களிக்கின்றான். நாட்டையும் கொடுத்த பின்னர் அந்தப் பணம் பாக்கியாக நிற்கின்றது. தவணை கேட்கின்றான், தவணையும் கிடைக்கின்றது. தவணை முடியும் நாளில் காசி நகரத் தெருவில் மனைவியும் மகனும் விலை கூறப்படுகின்றனர்.

வாக்களித்தவன் அரிச்சந்திரன். விலைப்பட்டவள் சந்திரமதி. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை நமது இலக்கிய விமர்சனம் இதுவரை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் வீரகவிராயர் பாடிய அரிச்சந்திர புராணமும் அதன் வழிவந்த நாடகங்களும் மூலக் கதையில் ஒரு பாத்திரத்தை வளர்த்தெடுத்துள்ளன. அவன்தான் நட்சத்திரேசன். முனிவனின் கடனை வசூலிக்க உடன் அனுப்பப்படும் ஆள். வழி நெடுகிலும் நச்சரிக்கின்றான், நடக்க முடியாதென்கின்றான், பசியென்கின்றான். மனைவியையும் மைந்தனையும் விற்றுக் கடனைத் தீர்த்த பின்னரும் அவன் போகவில்லை. தன் தரகுக் கூலிக்கு வழி என்ன என்று கேட்கின்றான். முதல் கடனுக்கு விலையானவள் மனைவி; வசூலிக்க வந்தவனின் கூலிக்கு விலையானவன் மன்னன்; அவன் சுடலை காவலுக்குப் போகின்றான். புராணிகர் இதனை மன்னனின் துன்பத்தை மிகுவிக்கும் உத்தியாகக் கொண்டிருக்கலாம். ஆயினும் அசல், அதற்கு மேல் வசூற்செலவு என்ற கணக்கு இதிலே தெளிவாகக் கிடக்கின்றது. வட்டிக் கடையின் கணக்கறிந்த ஒரு சமூகமே இத்தகைய பாத்திரத்தைப் படைக்க முடியும்.

இதனை நான் நூலகத்தில் இருந்துகொண்டு உணரவில்லை. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் படிக்கும் எமது பாடசாலையில் மாணவர் இந்நாடகத்தை ஒத்திகை பார்த்தனர். ஒரு மாலை பெற்றோர் சிலர் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே மண்டபத்துக்கு வந்திருந்தனர். சந்திரமதியின் புலம்பலுக்கு அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ நட்சத்திரேசன் மேடையில் காலடி வைத்ததும் வாய்விட்டுச் சிரித்தார்கள். "வியாழக்கிழமை வர்றவன் மாதிரியே இருக்கான்" என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சிரிப்பின் பொருளை அறிய எனக்குச் சில வாரங்கள் ஆயின.

சந்திரமதியாக நடித்த மாணவி க.பொ.த. சாதாரண தரத்தில் பயில்பவள். தந்தை இறந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அவள் ஒத்திகைக்கு வராமற் போகவே தாயை அழைத்து விசாரித்தேன். வாராந்தம் இரண்டு கடன்களுக்குப் பணம் போவதாகவும், மகளை நகரத்துத் துணிக்கடை ஒன்றில் வேலைக்கு விட எண்ணியிருப்பதாகவும் அந்த அம்மா சொன்னார். கடன் எவையென்று கேட்டேன். ஒன்று, கணவர் முச்சக்கர வண்டி எடுக்கத் தம் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் பெற்ற லீசிங். அவர் இறந்ததும் வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். விற்ற விலை போக மிகுதிக்கு இன்னும் ஆள் வருகின்றது. மற்றொன்று, பெண்கள் ஐவர் குழுவாகச் சேர்ந்து எடுத்த நுண்கடன். பணத்தை வாங்கிக் கணவரிடம் கொடுத்தார். அதுவே வண்டிக்கு முற்பணமாயிற்று.

"மொதக் கடன் எங்க வீட்டுக்காரரு பேருல இருக்கு சேர், அதைக் கட்டாம அவரு கட்ட வேகாது. ரெண்டாவது அவரு செலவழிச்சது, அது என்னைய சேராதுன்னு நெனைச்சிருக்கேன்" என்றார்.

சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றது. முதற்கடனில் அவர் கையொப்பமிடவில்லை, பிணையும் நிற்கவில்லை. அது அவருடைய கடனன்று. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து ஏதும் இருப்பின் அந்த அளவுக்கே கடன்காரன் உரிமை கோரலாம். கைம்பெண்ணின் நாட்கூலியைக் கேட்க அவனுக்கு உரிமையில்லை. இரண்டாவது கடனோ, ஒரு சதமும் தமக்காகச் செலவிடாத போதிலும், முழுமையாக அவருடையது. அவர் அறியாமையால் தவறினார் என்று சொல்லி இதனைக் கடந்துவிட முடியாது. கணவன் கடன் என் கடன் என்ற எண்ணம் அவர் தாமாகக் கண்டுபிடித்ததன்று. நாம் மேடையேற்றிய நாடகமே அதனைப் பல தலைமுறைகளாகக் கற்பித்து வந்திருக்கின்றது.

மார்க்கண்டேய புராணத்தில் "என்னை விற்றுக் கடனைத் தீரும்" என்ற பொருள்பட மனைவியே முதலிற் சொல்வதாக வருகின்றது. கதையின் மிக நுட்பமான இடம் இதுவே. கணவன் விற்றான் என்றால் கேட்போன் மனம் கொதிக்கும். அவளே இசைந்தாள் என்றால் கற்பின் மேன்மை என்று கைகூப்புவான். இசைவு என்ற ஒன்றைப் பெற்றுவிட்டால் அநீதி தியாகமாகிவிடுகின்றது. சிலப்பதிகாரத்திலும் இதே இயல்பைக் காண்கின்றோம். பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு நாணி வந்து நிற்கும் கோவலனிடம் கண்ணகி தன் சிலம்பைத் தானே எடுத்து நீட்டுகின்றாள். இளங்கோவின் மேதைமை அச்சிலம்பையே நீதி கேட்கும் சான்றாக மாற்றியது. ஆனால் பாண்டியனிடம் கேட்ட கேள்வியைக் கண்ணகி கோவலனிடம் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

கேட்டவள் பாஞ்சாலி. சூதில் தன்னை இழந்தவன் அதன் பின்னர் என்னைப் பணயம் வைக்க உரிமையுடையவனா என்று அவள் எழுப்பும் வினா, மானத்தைப் பற்றியதாக இருப்பதோடு உரிமைப் பொறுப்பைப் பற்றிய சட்ட வினாவாகவும் இருக்கின்றது. முதலில் யார் தோற்றார், பிறகு யார் வைக்கப்பட்டார் என்ற வரிசை முறையை அவள் பிடித்துக்கொள்கின்றாள். அடிமைக்குச் சொத்தில்லையெனில், அவன் எதைப் பணயம் வைத்தான்? சபையிலுள்ள பெரியோர் விடை கூற இயலாமல் தர்மம் நுண்மையானது என்று தப்பிக்கின்றனர். பாரதியின் பாஞ்சாலி சபதம் 1912-இல் முதற் பாகமாகவும், அவர் மறைவுக்குப் பின் 1924-இல் இரண்டாம் பாகமாகவும் வெளிவந்தது. அதனை நாட்டு விடுதலையின் உருவகமாகப் படிக்கும் வழக்கம் உண்டு. அது சரியே. ஆனால் மலையகத்தில் வாழும் வாசகன், உருவகத்துக்குப் போகுமுன் நேர்ப்பொருளிலேயே சிறிது நேரம் நின்று படிக்கக் கடமைப்பட்டவன். அருச்சுனன் தபசு ஆடப்படும் நமது தோட்டங்களில் பாரதக் கதை அந்நியமானதன்று. தவம் செய்யும் கணவன் ஆடப்படுகின்றான், கேள்வி கேட்கும் மனைவி அந்த அளவுக்கு ஆடப்படுவதில்லை.

இவையெல்லாம் பழைய காலத்துத் தர்மம், அன்று அப்படித்தான் இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அன்றைய தர்ம நூல்களே அவர்களுக்குத் துணை நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பெண் விடுதலைக்காக எவரும் எடுத்துக்காட்டாத யாக்ஞவல்க்கிய ஸ்மிருதி, கடன்பற்றிப் பேசுமிடத்தில் மூன்று கடன்களுக்கே மனைவியைப் பொறுப்பாக்குகின்றது: அவள் ஏற்றுக்கொண்டது, கணவனோடு சேர்ந்து வாங்கியது, தானே வாங்கியது. ஏனைய கடன் அவளைச் சேராது. மனைவியின் கடனும் பொதுவாகக் கணவனைச் சேராது என்று கூறிவிட்டு, இடையர், கள் விற்போர், கூத்தர், வண்ணார், வேடர் ஆகியோரை மட்டும் அந்நூல் விலக்காக வைக்கின்றது. இவர்களுடைய மனைவியர் வாங்கிய கடனைக் கணவன்மார் கட்ட வேண்டும். ஏனெனில் அக்குடும்பங்களின் பிழைப்பு பெண்களைச் சார்ந்தது. உழைப்பவள் எவளோ அவளைக் கொண்டே வீடு நடக்கின்றது என்ற உண்மையைச் சாதி வரிசைக்குள் நின்றுகொண்டேனும் அந்த ஸ்மிருதிகாரன் கண்டுகொண்டான். பெண்ணின் விரல்களாற் பறிக்கப்படும் கொழுந்தை நம்பி நிற்கும் நமது மலைகளை அவன் கண்டிருந்தால் தன் பட்டியலில் ஆறாவதாக எம்மையும் சேர்த்திருப்பான்!

மகனுடைய நிலை வேறு. தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற கோட்பாட்டை இந்தியா 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தாலேயே, அதன் பிறகு ஏற்படும் கடன்களுக்கு, நீக்கியது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் பெற்றோர் கடனை ஆண்மக்கள்மீதே சுமத்தியது. தேசவழமை மலையகத் தமிழரை ஆள்வதில்லை என்பதை இங்கே குறிப்பிடுவது நல்லது. எமது மாணவரிற் பலர் தமிழர் எல்லோருக்கும் அதுவே சட்டமென்று எண்ணுகின்றனர். எமக்குரியது நாட்டின் பொதுச் சட்டம். அது 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், கணவன் மனைவி சொத்து ஒன்றே என்ற டச்சுக்காரர் விட்டுச்சென்ற முறையை ஒழித்தது. 1923-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கவும் விற்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் உரிமை தந்தது. அவள் ஊதியம் அவளுடையது.

ஏட்டில் அவளுடையது, கையில்?

தோட்டத்துக் கடனின் வரலாற்றை அறிந்தவர்க்கு இக்கேள்வி புதிதன்று. தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே முற்பணம் என்ற பெயரில் தொழிலாளி கடனாளியானான். அவனைக் கொண்டுவந்த பெரிய கங்காணிக்கு, தன் கூட்டத்தில் வேலைக்கு நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் நாளொன்றுக்குத் தலைக்காசு கிடைத்தது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று. அத்துண்டைக் கொண்டு கங்காணி வேறொரு தோட்டத்திற் பணம் பெற்றுக் கூட்டத்தை மாற்றினான். கடன் தீராமலே கைமாறியது. 1921-இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1931-இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் கங்காணி முறையை எதிர்த்துப் போராடியதும், அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தாமே இயற்றிய பாட்டுக்களைக் கூட்டங்களிற் பாடியதும் நமது வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். ஆனால் அந்தத் துண்டைப் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தவர் குறைவு. கணவன் துண்டிற் கட்டுண்டு கிடக்கையில் மனைவிக்குத் தனியே கடனில்லை என்பதால் அவள் எங்கே போய்விட முடியும்? அவன் கடன் அவள் காலையும் கட்டியது. அதற்கு அவள் பெயரை எழுத வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

கங்காணி போனான். சம்பள மேசை நின்றது. மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியதை ரேச்சல் குரியன் 1982-இல் வெளிவந்த தமது ஆய்விற் பதிவு செய்துள்ளார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் என்பதே 1984-இல்தான் வந்தது. அரிசிக்கடைக் கணக்கு, அடகுக்கடைச் சீட்டு, சாராயக் கடைப் பாக்கி ஆகிய அனைத்தும் சம்பள நாளன்று அந்த மேசையின் முன்னாலேயே காத்திருந்தன. மேசையைத் தாண்டி லயக் காம்பராவுக்கு வந்து சேர்ந்ததே அவள் ஊதியம். இவற்றில் எது யாருடைய கடன் என்று பிரித்தறிவது எந்தக் குடும்பத்திலும் நடந்ததில்லை. பிரிக்க முயன்றவள் குடும்பத்துக்கு ஆகாதவள் என்று பெயர் வாங்கினாள்.

நுண்கடன் வந்தபோது இந்த ஏற்பாட்டில் ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. முன்பு கடன் ஆணின் பெயரில் இருந்தது, பெண் உழைத்துக் கட்டினாள். இப்போது கடன் பெண்ணின் பெயரிலேயே இருக்கின்றது. கடன் கொடுப்போர் பெண்களைத் தேடி வந்தது அவர்களை முன்னேற்றவே என்று சொல்லப்பட்டது. பெண் ஊரைவிட்டு ஓடமாட்டாள், மானத்துக்கு அஞ்சுவாள், ஐவரிலொருத்தி தவறினால் மற்ற நால்வரும் அவள் வாசலில் நிற்பர் என்ற கணக்கும் அதிலே உண்டு. கணவனின் கடனுக்கு மனைவி பொறுப்பல்ல என்ற 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கின்றது. அதைத் தொடாமலே, கடனின் தலைப்பில் அவள் பெயரை எழுதியதன் மூலம், அந்தப் பாதுகாப்பு பயனற்றதாக்கப்பட்டது. கேட்பவன் கணவன், செலவழிப்பவன் கணவன், ஒப்பமிட்டவள் மனைவி.

இதில் ஊழல்கள் இருந்தமைக்கு நாடறிந்த சான்றுகள் உண்டு. 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் பெற்ற பெண்கள் வசூலிப்போரிடம் பட்ட அவமானங்களை வெளிப்படையாகக் கூறினார். அதே ஆண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் வந்தது. அந்தப் பன்னிரண்டில் நுவரெலியா இல்லை. எங்கள் மலையில் மழைக்குக் குறைவில்லை அல்லவா! 2021 மார்ச் 8-ஆம் நாள், பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். அவர்கள் சிங்களப் பெண்கள். அவர்களது வியாழக்கிழமையும் எங்கள் லயத்தின் வியாழக்கிழமையும் ஒன்றே என்பதை எமது தொழிற்சங்க மேடைகள் உரிய அழுத்தத்தோடு சொன்னதாக எனக்கு நினைவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாயா, 1,350 ரூபாயா என்ற போராட்டத்தில் (2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் வர்த்தமானியில் வந்தது) காட்டிய ஊக்கம், அந்தச் சம்பளம் எங்கே போய்ச் சேர்கின்றது என்ற விசாரணையிற் காட்டப்படவில்லை.

மேலைநாட்டு இலக்கியத்தில் இப்பிரச்சினையை நேரடியாக எடுத்தவர் இப்சன். 1879-இல் வெளிவந்த பொம்மை வீடு நாடகத்தில் நோரா கணவனின் உயிரைக் காக்கக் கடன் வாங்குகின்றாள். கணவன் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத சட்டம் அன்று நிலவியதால், தந்தையின் பிணைக் கையொப்பத்தைத் தானே போடுகின்றாள். அவள் சட்டத்தின் பார்வையில் வயதுவராத பிள்ளை. அதனால் கள்ளக் கையொப்பம் தேவைப்பட்டது. நமது பெண் சட்டத்தின் பார்வையில் முழு மனுஷி. அதனால் அவளுடைய உண்மைக் கையொப்பமே தேவைப்படுகின்றது. நோராவுக்கு உரிமை இல்லாமை விலங்காயிற்று, இவளுக்கு உரிமையே விலங்காயிற்று என்று சொன்னால் அலங்காரமாகத் தோன்றலாம். ஆனால் வடிவ அளவிலான உரிமை, பொருளாதார அடிமைத்தனத்தின் நடுவே வைக்கப்படும்போது யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாவை முற்போக்கு விமர்சனம் தவிர்க்க முடியாது.

உரோமச் சட்டம் இதனை உணர்ந்திருந்தது. பெண் பிறர் கடனுக்குப் பிணை நிற்பது செல்லாது என்று முதலாம் நூற்றாண்டிலேயே விதி செய்தனர். மனைவி கணவனுக்குப் பிணை நிற்பதை ஜஸ்டினியன் காலத்துச் சட்டம் இன்னும் கடுமையாகத் தடுத்தது. டச்சுக்காரர் வழியாக இது கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றது. கடன் கொடுப்போர் அதற்கும் வழி கண்டனர். தென்னாபிரிக்காவில், "இந்தச் சலுகையை நான் துறக்கின்றேன்" என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதி அதன் கீழ்ப் பெண்ணின் ஒப்பத்தை வாங்கினர். பெண்களை அறிவற்றவராகக் கருதும் விதி என்று 1971-இல் அந்நாடு அதனை நீக்கியது. நீக்கியது தவறென்று சொல்ல நான் வரவில்லை. பாதுகாப்பு அறியாமையின் பேரில் தரப்பட்டபோது அவமதிப்பாகவும், சமத்துவத்தின் பேரில் எடுக்கப்பட்டபோது கைவிடலாகவும் முடிந்ததைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்ப் படைப்பாளிகள் தோட்டத்துக்கு வராமலில்லை. புதுமைப்பித்தனின் துன்பக் கேணியில் மருதி இங்கே வந்தாள். கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை 1964-இல் வந்தது. சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் வாயிலிருந்து பாடல்களைத் திரட்டினார். கங்காணியை ஏசும் குரல்கள் அவற்றிலே நிறைய உண்டு. வெளியிலிருந்து வரும் சுரண்டலை இவை காட்டிய அளவுக்கு, லயக் காம்பராவுக்குள் நிகழும் கடன் பங்கீட்டைப் பின்வந்த எமது கதைகள் காட்டவில்லை. கணவன் குடிப்பான், மனைவி அழுவாள். இந்த அளவோடு கதை நின்றுவிடும். கடன் புத்தகத்தில் யார் பெயர் இருந்தது என்று எந்தக் கதாசிரியனும் திறந்து பார்ப்பதில்லை. துரையை எதிரியாக வரைவது எளிது. அன்புள்ள, நேர்மையான, வண்டி வாங்கிப் பிள்ளைகளை முன்னேற்ற எண்ணிய கணவன் ஒருவன், எந்தத் தீய நோக்கமுமின்றி மனைவியைக் கடனாளியாக்கிவிட்டுச் சாவதை வரைவது கடினம். யதார்த்தவாதம் என்று நாம் பேசுவது அந்தக் கடினமான இடத்திலேதான் சோதிக்கப்படும்.

அந்த அம்மாவிடம் திரும்புகின்றேன். மூன்று காரியங்கள் செய்யச் சொன்னேன். லீசிங்காரருக்கு இனி ஒரு சதமும் கொடுக்குமுன், தாம் எந்த இடத்தில் ஒப்பமிட்டிருக்கின்றார் என்று பத்திரத்தின் பிரதியை எழுத்து மூலம் கேட்க வேண்டும். புதிதாக எந்தத் தாளிலும், "சும்மா ஒரு பதிவுக்கு" என்றாலும், ஒப்பமிடக் கூடாது, ஏனெனில் அவருடையதல்லாத கடன் அவருடையதாவது அந்த ஒப்பத்தினாலேயே. கணவரின் கடனோடு ஆயுட்காப்புறுதி ஏதும் இணைந்திருந்ததா என்று விசாரிக்க வேண்டும். நுண்கடனைப் பொறுத்தமட்டில் அது தம்முடையதே என்று ஏற்றுக்கொண்டு, கட்டிய தொகையின் கணக்கையும் வட்டி வீதத்தையும் கேட்டுத் தவணையைக் குறைக்கப் பேச வேண்டும்; மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே கேட்கலாம், வழக்கென்று வந்தால் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு ஏழைகளுக்கு இலவசமாக ஆலோசனை தரும். தம் சம்பளம் தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும் என்றும், ஐம்பது வயதிற் கிடைக்கும் சேமலாப நிதியை எவருடைய பழைய பாக்கிக்கும் இன்றே வாக்களிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவருக்குப் பிணைக் கையெழுத்துப் போட்ட மனுசன் எங்க லயத்துலதான் இருக்காரு சேர். நான் கட்டாட்டி அவருகிட்டத்தான் போவாங்க. அவருக்கும் மூணு புள்ளைங்க."

எனக்கு விடை தெரியவில்லை. சட்டப்படி அந்த மனிதர் கட்ட வேண்டியவர். அவருடைய மனைவி அல்ல. ஆனால் அவர் கட்டினால் அந்தப் பணமும் வேறொரு பெண்ணின் கொழுந்திலிருந்தே வரும். ஒரு சந்திரமதியைத் தெருவிலிருந்து எழுப்பி, பக்கத்துக் காம்பராச் சந்திரமதியை அந்த இடத்தில் நிறுத்துவதுதான் நான் சொன்ன ஆலோசனையின் பயனா? தனி மனிதப் பாதுகாப்பாக மட்டும் இப்பிரச்சினையை நினைத்துப் பேசிய என் குறையை அந்த அம்மா ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டார். இறுதியில் இரு குடும்பத்தாரும் சேர்ந்தே நிறுவனத்துக்குப் போய்க் கணக்கைக் கேட்பது என்று முடிவாயிற்று. முதல் முறை போனபோது மேலாளர் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை கணக்குத் தாளைக் கொடுத்தார்கள். அதில் வண்டியைக் கொண்டுபோன செலவும் தரிப்பிடச் செலவும் தனித்தனியே சேர்க்கப்பட்டிருந்தன. நட்சத்திரேசனின் தரகுக் கூலி! அதைப் பற்றிய பேச்சு இதனை எழுதும்வரை முடியவில்லை. மகள் துணிக்கடைக்குப் போகவில்லை, பாடசாலைக்கு வருகின்றாள்.

நாடகத்தையும் மேடையேற்றினோம். காசித் தெருக் காட்சியில், விலை பேசப்படும் இடத்தில், ஒரு வசனத்தைச் சேர்க்க அந்த மாணவி அனுமதி கேட்டாள். சந்திரமதி நட்சத்திரேசனைப் பார்த்து, "வாக்குக் கொடுத்தபோது நான் எங்கே இருந்தேன்?" என்று கேட்கின்றாள், அவன் ஏட்டைப் புரட்டுகின்றான், விடையில்லை, விற்பனை தொடர்கின்றது. கதையை நாம் மாற்றவில்லை, ஒரு கேள்வியை மட்டும் சேர்த்தோம். வலய மட்டப் போட்டி ஒன்றில் நடுவர்கள், புராணத்தில் இல்லாத வசனம் என்று குறித்துப் புள்ளிகளைக் குறைத்து எம்மை மூன்றாம் இடத்தில் வைத்தனர். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த தாய்மார் அந்த இடத்தில் சிரிக்கவில்லை. ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அது சரி, எங்க இருந்தா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.